ஒசாகாவில் ஹாபி ஷாப்பிங்கும் ஊர் சுற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள், குட்டி ரயில் ஓட்டுகிறவர்கள், அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஜப்பான் என்றதும் டோக்கியோவின் அகிஹபாராவைத்தான் கேட்கிறார்கள். அதே மாதிரிக் கடைத்தெருவான ஒசாகாவின் நிப்பொன்பாஷிக்கு அதில் பாதி கவனம்கூடக் கிடைப்பதில்லை. முதல் முறை போகிறவர்களுக்கு ஒசாகாதான் சுலபம் என்பது என் உறுதியான எண்ணம். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அகிஹபாரா இருக்கும்போது நிப்பொன்பாஷி எதற்கு?

ஏனென்றால் இங்கே நடந்தே முடித்துவிடலாம். சகாய்சுஜி என்ற பெரிய சாலையும், அதற்கு மேற்கே ஒட்டிப் போகும் ஓட்டா ரோடு என்ற சின்னத் தெருவும்தான் மொத்தப் பகுதி. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். கூட்டமும் குறைவு. கண்ணாடி அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்று யோசித்தாலும் பின்னாலிருந்து யாரும் நெருக்க மாட்டார்கள்.

இந்தத் தெருவின் கதையும் எனக்குப் பிடிக்கும். போருக்கு முன் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்த இடம் இது. போருக்குப் பின் ரேடியோ உதிரிபாகம் விற்கிறவர்கள் வந்தார்கள். அப்புறம் டிவி, ஃப்ரிட்ஜ் கடைகள், அதற்குப் பிறகு கம்ப்யூட்டர். இந்தப் பகுதிக்கு 'டென் டென் டவுன்' என்ற பெயர் அந்த மின்சாதனக் காலத்தில் வந்தது. 2001இல் உமேதாவில் யோடோபாஷி என்ற பிரம்மாண்டக் கடை திறந்ததும் வீட்டுச் சாமான் வாங்கும் கூட்டம் அங்கே போய்விட்டது. காலியான இடங்களை மாடல் கடை, பொம்மைக் கடை, அட்டை விளையாட்டுக் கடைகள் நிரப்பின. அதனால் இன்றும் ஒரு ரோபோ பொம்மைக் கடைக்குப் பக்கத்திலேயே டிரான்சிஸ்டரும் சாலிடரிங் கம்பியும் விற்கும் கடையைப் பார்க்கலாம்.

விமான நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

கன்சாய் விமான நிலையத்திலிருந்து நன்காய் ரயிலில் ஏறினால் நேரே நம்பா நிலையம். 'ராப்பிட்' என்ற நீல நிற விரைவு ரயில் சுமார் நாற்பது நிமிடத்தில் கொண்டுபோய்விடும். எல்லாமே முன்பதிவு இருக்கைகள். சாதாரண ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் இன்னும் சில நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும், கட்டணம் குறைவு. பெட்டி சின்னதாக இருந்தால் எக்ஸ்பிரஸே போதும். ஆனால் ரயில் பிரியராக இருந்தால் ஒரு வழியாவது ராப்பிட்டில் போங்கள். 1994இல் விமான நிலையம் திறந்தபோதே ஓடத் தொடங்கிய ரயில் அது. இரும்புக் கவசம் போட்ட வீரன் முகம் மாதிரியான அதன் முன்பக்கத்தை நடைமேடையில் பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

நம்பாவிலிருந்து நிப்பொன்பாஷி நடை தூரம். மெட்ரோவில் வருவதாக இருந்தால் சகாய்சுஜி பாதையில் எபிசுச்சோ நிலையத்தில் இறங்குங்கள். அது தெருவின் தெற்கு முனை. அங்கிருந்து வடக்கே நடப்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். கை நிறையப் பைகள் சேரும் நேரத்தில் நம்பா வந்துவிடும். அங்கே லாக்கர் உண்டு, சாப்பாடு உண்டு, எந்தப் பக்கம் போகவும் ரயில் உண்டு.

எத்தனை மணிக்குப் போகலாம்?

காலை பத்து, பதினொன்றுக்கு முன் போகாதீர்கள், ஷட்டர்தான் இருக்கும். இரவு எட்டு மணிக்குப் பெரும்பாலான கடைகள் மூடிவிடும். வார நாள் மதியம் மிக நிம்மதி. சனி, ஞாயிறுகளில் ஓட்டா ரோட்டில் கூட்டம் இருக்கும், ஆனால் தெருவின் உண்மையான கலகலப்பும் அப்போதுதான்.

எந்தப் பொருளுக்கு எந்தக் கடை?

முதலில் ஜோஷின் சூப்பர் கிட்ஸ் லேண்ட். பெயரைக் கேட்டுக் குழந்தைகள் கடை என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கன்டாம் ரோபோ கிட்டுகள் (பாகங்களைப் பொருத்திக் கட்டுபவை), ராணுவ வண்டிகள், கார், கப்பல், ரயில் மாடல், ரிமோட் கார், மினி 4WD என்ற குட்டி மோட்டார் கார் என்று மாடி மாடியாகப் புதுச் சரக்கு. விலையும் நியாயம். எதை வாங்குவதாக இருந்தாலும் இங்கே புதுப் பொருளின் விலையைப் பார்த்துவிட்டு மற்ற கடைகளுக்குப் போனால், பழைய பொருள் கடையில் ஏமாற மாட்டீர்கள்.

அடுத்து வோக்ஸ். கருவிகள், பெயின்ட், மாடல் கிட்டுகள், டால்ஃபி என்ற பெரிய பொம்மைகள் எல்லாம் ஒரே கட்டடத்தில். கோத்தோபுகியா கடை அவர்களுடைய சொந்த ரோபோ கிட்டுகளுக்கும் சிலைகளுக்கும். அனிமே நிகழ்ச்சிப் பொருட்கள், புத்தகம், சாவிக்கொத்து வகையறாவுக்கு அனிமேட். பழைய பொருட்களுக்கு சுருகாயா. குட்டி ரயிலுக்குப் போபொன்டெட்டா. பழைய வீடியோ கேம்களுக்கு சூப்பர் பொட்டேட்டோ.

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்காக உள்ளவர்கள் சிலிக்கான் ஹவுஸைத் தவறவிடக் கூடாது. மாடலுக்குள் எல்ஈடி வைக்க விரும்புகிறவர்களுக்கும் அதுதான் இடம். மெல்லிய கம்பி, சின்னப் பல்பு, ரெசிஸ்டர் எல்லாம் உதிரியாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம்.

பழைய பொருள் கடையான மண்டராக்கே மட்டும் இந்தத் தெருவில் இல்லை. அவர்களுடைய 'கிராண்ட் கேயாஸ்' கடை ஷின்சாய்பாஷி பக்கம் அமெரிக்காமுராவில் இருக்கிறது. பழைய தகரப் பொம்மை, பழைய மாங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) தேடுகிறவர்கள் தனியாக அரை நாள் ஒதுக்கிப் போங்கள். போகிமான் ரசிகர்களுக்கு இரண்டு இடம்: உமேதாவின் டைமாரு பெருங்கடையில் 13ஆம் மாடியில் போகிமான் சென்டரும் நின்டென்டோ கடையும் பக்கத்தில் பக்கத்தில், ஷின்சாய்பாஷி டைமாரு 9ஆம் மாடியில் இன்னொரு சென்டர், கஃபேவுடன். கஃபேவுக்கு முன்பதிவு அவசியம்.

கன்பிளா (கன்டாம் பிளாஸ்டிக் மாடல்) வாங்கத்தான் போகிறேன். சரக்கு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் அதே கிட் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இவற்றைத் தயாரிக்கும் பண்டாய் கம்பெனி ஒவ்வொரு கிட்டையும் தவணை தவணையாக மறுபடி தயாரிக்கிறது. புதிதாக வந்தவை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒருவருக்கு ஒன்றுதான் என்று அட்டை வைத்திருக்கும் கடைகளும் உண்டு. 1/144 அளவில் (கதையில் வரும் ரோபோவில் 144இல் ஒரு பங்கு) எச்ஜி, ஆர்ஜி என்ற வகைகள் பெட்டியில் அடக்கமாக வரும். 1/100 எம்ஜி வகையில் இரண்டு வாங்கினாலே சூட்கேஸில் கால்வாசி போய்விடும். 1/60 பிஜி வாங்குவதாக இருந்தால் அதற்கென்றே தனிப் பெட்டி கொண்டுபோங்கள்.

பழைய பொருள் வாங்கலாமா? நம்பகமா?

தாராளமாக. இந்தத் தெருவின் உண்மையான புதையலே அதுதான். புதுக் கிட்டை இணையத்தில் எங்கிருந்தும் வரவழைக்கலாம். 1980களின் கிட் ஒன்று, பெட்டி மங்கி, உள்ளே பைகள் பிரிக்கப்படாமல், அன்றைய கையேட்டோடு கிடைப்பது நேரில் தேடுகிறவருக்குத்தான். ஜப்பானியர்கள் பொருளை வைத்துக்கொள்ளும் விதம் அப்படி: பெட்டி, உள் அட்டை, விளம்பரத் தாள் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்துத்தான் கடையில் விற்கிறார்கள்.

ஒவ்வொரு பொருள் மேலும் நிலைமையை எழுதி ஒரு சின்னத் தாள் ஒட்டியிருப்பார்கள். அதைப் படிக்காமல் வாங்கவே கூடாது. போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை அதன்மேல் காட்டினால் போதும். பிரிக்காதது, பிரித்தது, பெட்டி மட்டும் சேதம், துணைப் பாகம் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். இந்த விவரங்களில் கடைக்காரர்கள் கண்டிப்பானவர்கள். எழுதியிருப்பதைவிடப் பொருள் நன்றாகவே இருக்கும் என்று சொல்லலாம். 'ஜங்க்' என்று குறித்திருந்தால் மட்டும், அது ஓடுமா ஓடாதா என்பதற்குக் கடை பொறுப்பில்லை, திருப்பித் தரவும் முடியாது. உதிரிபாகத்துக்காக வாங்குகிறவர்களுக்கு அதுவே சொர்க்கம்.

இன்னொன்று, வாடகைக் கண்ணாடிப் பெட்டிக் கடைகள். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடி அறைகள். ஒவ்வொன்றையும் ஒரு தனிநபர் மாத வாடகைக்கு எடுத்துத் தன் பொருட்களை, தானே விலை வைத்து விற்பார். ஒரே பொம்மை மூன்று பெட்டியில் மூன்று விலையில் இருக்கும். நிதானமாக எல்லா வரிசையும் பாருங்கள். பேரம் பேசும் வழக்கம் இங்கே இல்லை. வேண்டியதன் எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்டரில் சொன்னால் ஊழியர் வந்து திறந்து தருவார்.

'ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து வாங்கலாம்' என்ற நம் ஊர்ப் பழக்கம் புதுச் சரக்குக்குச் சரி. பழைய பொருளில் அது ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மனம் இழுத்தால் அப்போதே எடுத்துவிடுங்கள்.

குட்டி ரயில் வாங்கினால் நம் ஊரில் ஓடுமா?

ரயில் ஓடும், அதன் கன்ட்ரோலர் என்ற மின்பெட்டிதான் பிரச்சினை. ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட்; இந்தியாவிலும் இலங்கையிலும் 230. அங்கே வாங்கிய கன்ட்ரோலரை நேரே நம் சுவரில் செருகினால் எரிந்துபோகும். ஒன்று, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ரயிலும் தண்டவாளமும் மட்டும் வாங்கி, கன்ட்ரோலரை நம் ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரம்தான், அதனால் ரயிலுக்கு எந்த ஆபத்தும் இல்லை. பழைய சூப்பர் ஃபேமிகாம் வீடியோ கேம் மெஷினின் அடாப்டருக்கும் இதே எச்சரிக்கை.

கட்டோ, டோமிக்ஸ் என்ற இரண்டு கம்பெனிகளுக்கும் 9 மில்லிமீட்டர் தண்டவாளம்தான், ஆனால் இணைப்புக் கொக்கி வேறு. தொடங்கும்போதே ஏதாவது ஒரு கம்பெனித் தண்டவாளத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். அளவு விஷயத்திலும் ஒரு நுணுக்கம்: சாதாரண ஜப்பானிய ரயில்கள் 1/150, ஷின்கான்சென் (புல்லட் ரயில்) மட்டும் 1/160. ஐரோப்பிய மாடல்களும் 1/160 என்பதால், அவற்றோடு சேர்த்து வைக்க ஷின்கான்சென்தான் பொருந்தும்.

வீடியோ கேம், டிஸ்க் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நின்டென்டோ கேம்பாய் கேசட்டுகளுக்கு நாட்டுத் தடை கிடையாது. நின்டென்டோவின் முதல் தலைமுறை ஸ்விட்ச் மெஷினின் கேம்களுக்கும் அப்படியே, மொழியை மட்டும் பெட்டியின் பின்னால் பாருங்கள். நின்டென்டோ 3டிஎஸ், பிளேஸ்டேஷன் 2 கேம்கள் ஜப்பானிய மெஷினில்தான் ஓடும். ஸ்விட்ச் 2 மெஷினில் கவனமாக இருங்கள். 2025இல் வெளியானபோது ஜப்பான் கடைகளில் 49,980 யென் என்று மலிவாகத் தெரிந்தது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடல். அதில் ஜப்பான் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். டிவிடி என்றால் ஜப்பான் மண்டலம் 2, இந்தியா 5. ப்ளூ-ரேயிலும் மண்டலம் வேறு.

பெயின்ட், பசை, கருவி வாங்கி விமானத்தில் கொண்டுவரலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். லாக்கர் (lacquer) வகைப் பெயின்ட், தின்னர், ஸ்ப்ரே கேன், எக்ஸ்ட்ரா தின் மாதிரியான மாடல் சிமென்ட் என்ற பசை, எல்லாமே தீப்பற்றும் பொருள். கைப்பையிலும் கூடாது, கீழே போடும் பெட்டியிலும் கூடாது. டாமியா கம்பெனியின் அக்ரிலிக் பெயின்ட்டிலும் ஆல்கஹால் இருக்கிறது. 'தண்ணீரில் கழுவலாம்' என்று எழுதியிருப்பதை நம்பிப் பெட்டியில் வைக்காதீர்கள். சோதனையில் எடுத்துவிட்டால் காசு போவது ஒரு பக்கம், உங்கள் பெட்டியே தாமதமாகலாம். கடையில் அந்த வண்ண வரிசையைப் பார்த்தால் கை தானாகப் போகும், எனக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாகக் கருவி வாங்குங்கள். ஜப்பானிய நிப்பர் (பாகங்களை வெட்டும் கொறடு), அரம், பொடி மணல் தாள், பேனல் கோடு கீறும் ஊசி, தூரிகை: இவையெல்லாம் விலைக்கு மேல் பயன் தருபவை, பல வருடம் வரும். கூர்மையானவற்றைக் கட்டாயம் கீழே போடும் பெட்டியில் வையுங்கள். ரிமோட் காரின் லித்தியம் பேட்டரிக்கு நேர் எதிர் விதி: தனி பேட்டரி கைப்பையில்தான், முனைகளில் டேப் ஒட்டி.

வரி விலக்கு எப்படி?

ஜப்பானின் நுகர்வு வரி 10 சதவீதம். வரி விலக்கு அடையாளம் போட்ட கடையில், ஒரே நாளில், வரிக்கு முந்தைய விலை 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கினால் சுற்றுலாப் பயணிக்கு அந்த வரி கிடையாது. அசல் பாஸ்போர்ட் வேண்டும். போனில் உள்ள படம் செல்லாது. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் பொருளைச் சரிபார்த்தபின் வரியைத் திரும்பப் பெற வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு போகிறவர்கள் வாங்கியதைப் பெட்டியின் அடியில் புதைத்துவிடாமல், காட்டும்படி வையுங்கள். விமான நிலையத்துக்கும் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.

பெட்டிகள் நசுங்காமல் கொண்டுவர வழி?

கிட் பெட்டிக்குள் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். மூடியைத் திறந்து இடைவெளியில் சாக்ஸ், டி-ஷர்ட் திணித்தால் பெட்டியும் நசுங்காது, துணிக்குத் தனி இடமும் வேண்டாம். கடின ஓடு சூட்கேஸ் நல்லது. விலை உயர்ந்த சிலை என்றால் கைப்பையில். ஹோட்டல் மாறும் திட்டம் இருந்தால் தக்யூபின் என்ற பார்சல் சேவை பெட்டியை அடுத்த ஊர் ஹோட்டலுக்கு, பெரும்பாலும் மறுநாளே, கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைப் பயன்படுத்திப் பழகியவர்கள் மறுபடி பெட்டியைப் படிக்கட்டில் இழுக்க மாட்டார்கள்.

அதே நாளில் ஊரையும் பார்க்க முடியுமா?

கடை திறக்கும்வரை காலை முழுக்க உங்களுடையதுதானே! ஷித்தென்னோஜி கோயிலிலிருந்து தொடங்குங்கள். 593இல் இளவரசர் ஷோத்தோக்கு நிறுவியது. பலமுறை அழிந்து, இன்றைய கட்டடங்கள் போருக்குப் பின் கான்கிரீட்டில் எழுந்தவை. ஆனாலும் அந்தப் பழைய அமைப்பு, வாயில், கோபுரம், நடு மண்டபம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்பது, அப்படியே இருக்கிறது. மாதத்தின் 21, 22 தேதிகளில் போக முடிந்தால் விடாதீர்கள். கோயில் வளாகத்திலேயே பழம்பொருள் சந்தை கூடும்: பழைய கிமோனோ, பீங்கான், சில நேரம் பழைய பொம்மைகளும்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் ஷின்செகாய், நடுவில் த்ஸூதென்காகு கோபுரம். 1912இல் கட்டிய முதல் கோபுரம் போர்க்காலத்தில் இல்லாமல் போனது. இப்போது நிற்பது 1956இல் எழுந்தது, 108 மீட்டர். டோக்கியோ டவரை வடிவமைத்த நைத்தோ தாச்சூதான் இதையும் வடிவமைத்தார். கோபுரத்தின் அடியிலிருந்து வடக்கே பார்த்தால் எபிசுச்சோ நிலையம், அதைத் தாண்டினால் நிப்பொன்பாஷி. மணி பதினொன்று ஆகியிருக்கும். கணக்கு சரியாக வரும்.

இன்னொரு நாள் கூடுதலாக இருந்தால்?

மாடல் கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒசாகா வாழ்விட அருங்காட்சியகம். தென்ஜின்பாஷிசுஜி ரோக்குச்சோமே நிலையத்தின் மேலேயே இருக்கிறது. ஒரு மாடியில் எடோ காலத்து (1603-1868) ஒசாகாத் தெருவை முழு அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். வீடு, மருந்துக் கடை, கிணறு எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து பார்க்கலாம், வெளிச்சம் பகலிலிருந்து இரவுக்கு மாறும். இன்னொரு மாடியில் நவீன ஒசாகாவின் தெருக்களும் குடியிருப்புகளும் குட்டி மாதிரிகளாக. துருவும் தூசியும் எப்படிப் பூச வேண்டும் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ரயில் பிரியர்கள் கியோத்தோ ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வரலாம். ஒசாகாவிலிருந்து கியோத்தோவுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம், அங்கிருந்து ஒரு நிலையம் தள்ளி உமெகோஜி. 2016இல் திறந்தது, 1914இல் கட்டிய விசிறி வடிவ லோகோ ஷெட்டும் அதற்குள்ளேயே. நீராவி எஞ்சின் இழுக்கும் வண்டியில் கொஞ்ச தூரம் போகலாம். புதன்கிழமை விடுமுறை.

ஒசாகா கோட்டையை எல்லோரும் சொல்வார்கள். கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. எனக்கு அதைவிட அதன் கற்சுவர்கள்தான் பிரமிப்பு. தாக்கோ-இஷி என்ற ஒரே கல் சுமார் 108 டன் என்கிறார்கள். அப்புறம், மாங்கா ரசிகர்கள் தக்காராசுகாவில் மாங்கா ஓவியர் தெசுகா ஒசாமுவின் அருங்காட்சியகத்தையும், கோபேயின் ஷின்-நகாத்தாவில் 2009இல் நிறுத்திய, மாங்காவில் வரும் டெட்சுஜின் ரோபோவின் சிலையையும் அரை அரை நாளில் பார்த்துவிடலாம். 1995 பூகம்பத்தில் மிகவும் அடிபட்ட அந்தப் பேட்டையை மீட்டெடுக்க வைத்த சிலை அது.

ஹாபியில் ஆர்வமில்லாத குடும்பத்தோடு போகிறேன்…

பக்கத்திலேயே சென்னிச்சிமாயே தோகுயாசுஜி இருக்கிறது: ஹோட்டல்காரர்கள் பாத்திரம் வாங்கும் கூரை போட்ட தெரு. கத்தி, பீங்கான், நிஜம் போலவே இருக்கும் மெழுகு, பிளாஸ்டிக் உணவு மாதிரிகள். அதையும் தாண்டினால் குரோமொன் என்ற உணவுச் சந்தை. மாலை ஐந்துக்கு ஓர் இடம் பேசி வைத்துப் பிரிந்துவிடுங்கள். இரு தரப்புக்கும் நிம்மதி. குழந்தைகளோடு கடை ஏறும்போது ஒரு விஷயம்: பொம்மை, புத்தகக் கடைகள் சிலவற்றில் மேல் மாடி 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். படிக்கட்டில் எண் போட்ட அறிவிப்பு இருக்கும், பார்த்து ஏறுங்கள். கடைக்குள் படம் எடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சிரமம்தான். தக்கோயாக்கி என்ற மாவு உருண்டையில் ஆக்டோபஸ், குழம்பு வகைகளில் மீன் சாறு. காய்கறி மட்டும் போட்ட உடோன் நூடுல்ஸிலும் அந்தச் சாறு இருக்கும். நம்பா பகுதியில் இந்திய உணவகங்கள் உண்டு, இரவுக்கு அவை போதும். பகலில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வெறும் உப்பு போட்ட சோற்று உருண்டை, வேகவைத்த சர்க்கரைவள்ளி, பழம் கிடைக்கும். மீனும் கறியும் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. குச்சியில் குத்திப் பொரித்த ஷின்செகாயின் குஷிகாத்சு ஒன்று போதும்.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது. என்ன செய்வது?

நான்கு மணிக்கு எபிசுச்சோவில் இறங்குங்கள். சகாய்சுஜி வழியாக ஜோஷினில் ஒரு மணி நேரம். அப்புறம் ஓட்டா ரோட்டுக்குள் திரும்பி வாடகைக் கண்ணாடிப் பெட்டிக் கடை ஒன்று, சுருகாயா, உங்கள் ஹாபிக்கென்று ஒரு தனிக் கடை. கையில் 100 யென் நாணயங்கள் வைத்திருங்கள், வழியெல்லாம் கச்சாபொன் மெஷின்கள் (காசு போட்டால் குட்டிப் பொம்மை தருபவை). எட்டு மணிக்குக் கடைகள் மூடும்போது நம்பாவில் இருப்பீர்கள். பையை லாக்கரில் போட்டுவிட்டு டோட்டன்போரி கால்வாய்க் கரையின் விளக்குகளைப் பார்க்க அதுவே சரியான நேரம்.